விமானம் ஏறுமுன் ஒரு சோற்றுருண்டை

வியாபார நிமித்தமாகவோ குடும்பத்தாருடனோ ஜப்பான் தேசத்திற்குப் பிரயாணம் செய்யும் நம் அன்பர்கள், திரும்பும் நேரத்தில் விமான நிலையக் கடையில் கைக்கு அகப்பட்டதை வாங்கிப் பசியாறுவதுண்டு. அங்கே முதலில் கண்ணில் படுவது ஒனிகிரி என்னும் சோற்றுருண்டை. அதைப் பற்றிச் சில விஷயங்களை நாம் அறிந்திருப்பது நலம்.

ஒனிகிரி என்றால் கையால் பிடித்தது என்று பொருள். ஒமுசுபி என்றும் சொல்வர். உருண்டை என்று நாம் சொன்னாலும் பெரும்பாலும் முக்கோண வடிவமே. ஜப்பானியரின் குட்டை அரிசி வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் பொன்னியையோ பாஸ்மதியையோ அப்படிப் பிடிக்க முடியாது. உப்பு நீர் தொட்ட கையால் பிடித்து, நடுவில் ஏதேனும் ஒன்றை வைத்து, நோரி என்னும் கடற்பாசித் தாளைச் சுற்றுவர். பழைய வழக்கப்படி உள்ளே வைப்பது உமெபோஷி என்ற உப்பிட்ட புளிப்புக் காய். சோறு விரைவில் கெடாதிருக்க அது உதவும். கப்பற் பிரயாணத்துக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்த நம் பாட்டிமாரின் யுக்தியும் இதுவே அன்றோ!

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். ஊருக்கு ஊர் உருண்டை வேறுபடும். நகோயா பக்கத்தில் தென்முசு என்று, மாவில் தோய்த்துப் பொரித்த இறாலை வைத்துப் பிடிப்பர். ஒகினாவா தீவின் நாஹா விமான நிலையத்திலோ, ஊர்ப் பதார்த்தம் என்று ஆசையுடன் வரிசையில் நின்று வாங்குவது 'போர்க் தமாகோ'. தமாகோ என்பது முட்டை. மற்றது டப்பியில் அடைத்த பன்றி இறைச்சி. ஒகினாவாவில் பன்றி உண்பது பழைய வழக்கம். ஆனால் இந்த டப்பி இறைச்சி 1945-ஆம் ஆண்டு யுத்தத்தை ஒட்டி அமெரிக்கப் படைகளோடு வந்தது. 1972 வரை தீவு அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தமையால் வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. முட்டையும் சோறும் மேலே தெரிய, இறைச்சி மெல்லிய துண்டாக உள்ளே இருக்கும். அவசரத்தில் முட்டைச் சோறு என்றே எண்ணத் தோன்றும்.

பன்றி மட்டும்தானா? மீன் வைத்ததென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது சரியன்று. சமையலில் சேர்க்கும் மிரின் என்பது இனிப்பான அரிசி மது. சோயா சாற்றிலும் உமெபோஷியிலும் கெடாதிருக்க 'ஷுசே', அதாவது சாராயச் சத்து, சேர்ப்பதுண்டு. வெறும் உப்புருண்டையாகிய ஷியோ முசுபியிலும் சுவைக்கு வேறு சாறுகள் கலந்திருக்கலாம். கெடாமைக்காகச் சிறிதளவு சேர்ந்த சாராயச் சத்தைப் பற்றி ஆலிம்களின் கருத்து ஒரே விதமாக இல்லை. புறப்படுமுன் தத்தம் இமாமிடம் கேட்டுத் தெளிந்து கொள்க. பன்றி விஷயத்தில் கேள்விக்கே இடமில்லை.

உறையிட்டு வரும் உருண்டையில் சேர்மானங்கள் அச்சிடப்பட்டிருக்கும். கடையிலேயே பிடித்து விற்பதற்கு அக்கட்டாயம் இல்லை. அங்கே வாய்திறந்து கேட்கத்தான் வேண்டும். "புதானிகு ஹைத்தே இமாஸ் கா?" என்றால் பன்றி இறைச்சி இருக்கிறதா என்று பொருள். மதுவுக்குச் சாகே என்பர். பன்றி, மது இரண்டுக்குமான ஜப்பானிய எழுத்துக்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், உறையில் அதே வடிவம் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். சரக்குச் சீட்டில் அடையாளக் குறி பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய வேலையல்ல. நேரமிருந்தால் நிலையத்தில் ஹலால் உணவுக்கடை உண்டா என்று விசாரிப்பது அதைவிட மேல்.

உறையில் 1, 2, 3 என்று எண்ணிட்டிருக்கும். அந்த வரிசையில் கிழித்தால் கடற்பாசித் தாள் மொறுமொறுப்பாக நிற்கும். வாங்கியதைக் குளிர்பெட்டியில் வைத்தால் சோறு கல்லாகும். வெயிலில் வைத்தால் கெடும். உறையில் குறித்த மணிக்குள் உண்டுவிடுக.