பஸ் தரும் லத்தீன் பாடம்

பாடற்குழுவில் லத்தீன் பயின்ற இனிய நாட்களில், 'ஓம்னிபுஸ்' என்றால் 'எல்லோருக்கும்' என்று கற்றோம். 1820களில் பிரான்சின் நான்த் நகரில், யாவரும் ஏறக்கூடிய குதிரை வண்டிக்கு இப்பெயர் வழங்கிற்று. 1829-இல் லண்டனிலும் ஓம்னிபஸ் ஓடியது. மக்கள் அதனைச் சுருக்கிப் 'பஸ்' என்றனர். எஞ்சியது வேற்றுமை உருபு மட்டுமே! தமிழில் 'எல்லோருக்கும்' என்று வண்டிக்குப் பெயரிட்டு, 'க்கும்' என்று அழைப்பது போலாம்!

நம் நான்காம் வேற்றுமைக்கு முதற்பொருள் கொடை. லத்தீனிலும் அவ்வேற்றுமையின் பெயர் கொடுத்தலைக் குறிப்பதே. விடியுமுன் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறும் நம் அக்காமார், தம் உழைப்பைக் குடும்பத்திற்குக் கொடுக்கின்றனர். தங்கையரின் படிப்பும் அதில் அடங்கும். அவ்வாறு கற்கும் நாமும், கற்றதை எல்லோருக்கும் கொடுப்போமாக!