குற்றம், நீதி, சீர்திருத்தம்: இதைப் படித்த பிள்ளைக்கு என்ன வேலை, எவ்வளவு சம்பளம்?

(தொழில் வழிகாட்டல் பாடம்)



உயர்தரப் பரீட்சை முடிவுகள் வந்த ஒரு மாலை நேரம். கவ்வாத்து மலையில் வேலை செய்யும் ஒரு தகப்பனார் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார். கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை. பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படிக்க வேண்டுமென்று சொல்கிறது. தகப்பனாருக்கு மனம் ஒப்பவில்லை. "ஐயா, ஜெயிலுக்கும் பொலிசுக்கும் போற படிப்பா? நம்ம புள்ளைக்கு வேற படிப்பே கெடைக்கலையா? டீச்சரா வரட்டுமே" என்றார்.

உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அன்றைக்குச் சரியான பதில் தெரியவில்லை. தோட்டத்தில் படித்த பிள்ளை என்றால் ஆசிரியர், கிளார்க், கணக்கப்பிள்ளை என்ற எல்லைக்குள்ளேயே நாங்களும் யோசித்து வந்தோம். பிறகு விசாரித்து, கெசட்டுகளைப் பார்த்து, நீதிமன்றத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் போய்வந்து அறிந்துகொண்டதை இந்த இதழில் பாடமாகத் தருகிறோம். பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து வாசிக்கவும்.

1. இது என்ன படிப்பு?

ஒருவர் ஏன் குற்றம் செய்கிறார், சட்டம் அவரை எப்படி நடத்த வேண்டும், தண்டனைக்குப் பிறகு அவர் திருந்தி வாழ என்ன செய்யலாம் என்ற மூன்று கேள்விகளைப் பற்றியதே இந்தப் படிப்பு. முதலாவதைக் குற்றவியல் என்றும், இரண்டாவதைக் குற்றவியல் நீதி என்றும், மூன்றாவதைச் சீர்திருத்தம் அல்லது புனர்வாழ்வு என்றும் சொல்வார்கள். சமூகவியல், உளவியல், சமூகப்பணி, சட்டம் ஆகிய பாடங்களும் இதனோடு சேர்ந்தவை. ஆகவே "ஜெயில் படிப்பு" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடக் கூடாது. மனிதரைப் பற்றிய படிப்பு இது.

2. நமக்கு ஏன் இது முக்கியம்?

சில வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறோம். பதினாறு வயதுப் பையன் ஒருவன் கூட்டாளிகளோடு சேர்ந்து தண்ணீர்க் குழாய்த் துண்டுகளைக் களவாடி விற்றான் என்று பிடிபட்டான். தாய் மத்திய கிழக்கில். தகப்பனும் பாட்டியும்தான் நீதிமன்றத்துக்குப் போனார்கள். குடும்ப நிலைமையை விசாரித்து அறிக்கை எழுத வந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது, பாட்டிக்குச் சிங்களம் தெரியாது. வழியில் போன ஒருவர் மொழிபெயர்த்தார். லயத்துக் காம்பராவுக்குத் தனி இலக்கம் இல்லாதபடியால் "நிலையான முகவரி இல்லை" என்று எழுதப்பட்டது. தாத்தா காலம் தொட்டு ஒரே லயத்தில் வாழும் குடும்பத்துக்கு நிலையான முகவரி இல்லை! அதைத் திருத்தி எடுக்க இரண்டு வாரம் ஓடியது. அந்த இரண்டு வாரமும் பையன் வீட்டுக்கு வரவில்லை.

அந்தக் கதிரையில் லயம் என்றால் என்னவென்று தெரிந்த, தமிழும் சிங்களமும் பேசும் ஒருவர் இருந்திருந்தால் அறிக்கை வேறு விதமாக இருந்திருக்கும். நம் பிள்ளைகள் அந்தக் கதிரைக்கு வர வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

3. எங்கெங்கே வேலை இருக்கிறது?

(அ) நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு. இலங்கையில் நன்னடத்தை முறை 1944ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. இதற்கான திணைக்களம் 1956இல் அமைக்கப்பட்டது. 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு மாகாணங்களுக்கும் தனித் திணைக்களங்கள் ஏற்பட்டன. சிறுவர் சம்பந்தப்பட்ட வழக்குகளில் வீட்டு நிலைமையை விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பது, நன்னடத்தைக் கட்டளை பெற்றவரைக் கண்காணித்து ஆலோசனை சொல்வது, பாதுகாப்பில்லாத பிள்ளைக்கு இடம் தேடுவது ஆகியவை நன்னடத்தை உத்தியோகத்தரின் வேலை. மேலே சொன்ன அறிக்கை இந்த வகையைச் சேர்ந்ததுதான். இவரோடு பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள்.

பெற்றோர் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: 2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமாகக் கொள்ளப்படாது என்றானது. அதற்கு முன் அந்த எல்லை 8 வயது.

(ஆ) சமுதாயஞ்சார் சீர்திருத்தம். 1999ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. சிறு குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஊரிலேயே வைத்துப் பொது வேலை செய்வித்து, ஆலோசனையோ தொழிற் பயிற்சியோ கொடுப்பதற்கு நீதிமன்றம் கட்டளையிடலாம். அந்தக் கட்டளை ஒழுங்காக நிறைவேறுகிறதா என்று பார்க்க நீதவான் நீதிமன்றங்களோடு சேர்ந்து உத்தியோகத்தர்கள் வேலை செய்கிறார்கள். கசிப்பு வழக்கில் தண்டப்பணம் கட்ட வழியின்றி உள்ளே போன மனிதரின் வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை என்று நமக்குத் தெரியும். அப்படியான குடும்பத்துக்கு இந்த வேலையின் அருமை புரியும்.

(இ) சிறைச்சாலைகள் திணைக்களம். வெலிக்கடைச் சிறை 1841இல் கட்டப்பட்டது. நாட்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் 1877ஆம் ஆண்டுக்குரியது. நம் பக்கத்தார் பேசும் கண்டிப் போகம்பரைச் சிறை 2014இல் மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டார்கள். சிறை என்றால் சாவிக்கொத்துப் பிடித்த காவலர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். காவலர், ஜெயிலர், அத்தியட்சகர் என்று ஒரு வரிசை. புனர்வாழ்வு உத்தியோகத்தர், ஆலோசகர், தொழில் பழக்குவோர் என்று இன்னொரு வரிசை. குற்றவியல், சமூகவியல், உளவியல் படித்தவர்களுக்கு இரண்டாவது வரிசை பொருந்தும். இன்று நாட்டின் சிறைகளில் இடவசதியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். தண்டனை பெற்றவர்களைவிட விளக்கமறியலில் இருப்பவர்களே கூட. ஆகவே இங்கே வேலை பாரமானது.

(ஈ) தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. 1998ஆம் ஆண்டு 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. சிறுவர் துன்புறுத்தல் பற்றி 1929 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். வேலை தேடாதவர்களும் இந்த இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்.

(உ) பொலிஸ், நீதிமன்றம், சட்டம். பொலிசில் உப பரிசோதகராக உயர்தரத் தகுதியோடும், உதவி அத்தியட்சகராகப் பட்டத்தோடும் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் பதவி உண்டு. அதற்கு நீதிச்சேவை ஆணைக்குழு ஆட்சேர்ப்புச் செய்கிறது. இரண்டு மொழியும் சரளமாக உள்ள பிள்ளைக்கு இது நல்ல வழி. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவிலும், சிறுவர் இல்லங்கள் நடத்தும் தொண்டு நிறுவனங்களிலும் வேலைகள் உண்டு. தொண்டு நிறுவன வேலை பெரும்பாலும் திட்டம் முடியும்வரைதான் என்பதை மறக்கக் கூடாது.

4. சம்பளம் எவ்வளவு?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரசாங்கச் சம்பளம் ஆளைப் பார்த்துக் கொடுப்பதல்ல. ஒவ்வொரு பதவிக்கும் ஒரு சம்பளக் குறியீடு உண்டு. 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி 2025 மார்ச் வரை இருந்த தொடக்க அடிப்படைச் சம்பளங்கள் இவை:

அரச சேவையின் ஆகக் குறைந்த சம்பளம்: 24,250 ரூபாய்.
அபிவிருத்தி உத்தியோகத்தர் போன்ற பட்டதாரிப் பதவிகள் (எம்.என். 4): 31,490 ரூபாய்.
நிர்வாக சேவை போன்ற உயர் சேவைகள் (எஸ்.எல். 1): 47,615 ரூபாய்.

2025 வரவு செலவுத் திட்டத்தில் இது மாறியது. ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இல் இருந்து 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மற்றப் பதவிகளுக்கும் அதற்கேற்ப உயர்வு. முழுத் தொகையும் ஒரேயடியாகக் கைக்கு வருவதில்லை. 2025 ஏப்ரல் முதல் 2027 ஜனவரி வரை கட்டம் கட்டமாகச் சேர்வதாகவே ஒழுங்கு செய்யப்பட்டது. அடிப்படைக்கு மேல் வாழ்க்கைச் செலவுப் படி உண்டு. அது 2024இல் மாதம் 17,800 ரூபாயாக்கப்பட்டது. சிறைச்சாலை, பொலிஸ் போன்ற சீருடைச் சேவைகளுக்குத் தனிப்பட்ட படிகளும் உண்டு.

ஆகவே சம்பளத்தைப் பார்க்கும்போது மூன்றைக் கவனிக்கவும். அடிப்படை எவ்வளவு? படிகள் எவ்வளவு? வருடா வருடம் ஏற்றம் எவ்வளவு? ஏற்றமும் பதவி உயர்வும் தானாக வராது. வினைத்திறமைகாண் தடைதாண்டல் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். இந்தக் கணக்கை உங்கள் வீட்டுச் சம்பளத் துண்டோடு வைத்துப் பாருங்கள். மழைக்கும் பேருக்கும் ஏற்றபடி குறையாத சம்பளம் என்பதுதான் பெரிய வித்தியாசம்.

5. கஷ்டங்களையும் சொல்ல வேண்டும்

பட்டம் எடுத்தவுடன் வேலை வீடு தேடி வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் நின்ற செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குற்றவியல் படித்தவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பதவிகள் குறைவு. பெரும்பாலும் போட்டிப் பரீட்சை. சமூகவியல், உளவியல் படித்த பிள்ளைகளும் அதே கதவில்தான் நிற்பார்கள். தூர இடத்துக்கு மாற்றம் வரும். சிறைச்சாலையில் இரவு வேலையும் வரும். மற்றவர் துன்பத்தைத் தினமும் கேட்டு மனம் களைக்கும். இதையெல்லாம் தாங்கும் பிள்ளைதானா என்று பெற்றோர் யோசிக்க வேண்டும்.

ஆனால் நம் பிள்ளைக்கு ஒரு பலம் உண்டு. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்பவர்கள் தமிழ், சிங்களம் இரண்டில் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு சிங்களத்தையும் எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளை மலைநாட்டில் எந்த அலுவலகத்துக்கும் தேவையானவர். கடையில் பேசும் சிங்களம் போதாது. அறிக்கை எழுதும் சிங்களம் வேண்டும்.

6. எங்கே படிக்கலாம்?

குற்றவியலும் குற்றவியல் நீதியும் என்ற பாடத்தை ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். தமிழ்மொழியில் படித்த பிள்ளை அங்கே போவதென்றால் ஆங்கிலத்தைப் பலப்படுத்திக்கொள்ள வேண்டும். கலைப்பாடங்களைத் தமிழில் தொடர விரும்புவோர் யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களைப் பார்க்கலாம். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் சமூகப்பணியில் டிப்ளோமாவும் பட்டமும் நடத்துகிறது. பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டாதவர்கள் இதை விசாரிக்கவும்.

செலவுக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். மஹாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000இல் இருந்து 7,500 ரூபாயாகவும், மற்ற மாணவர் உதவித்தொகை 4,000இல் இருந்து 6,500 ரூபாயாகவும் கூட்டப்பட்டது. முழுச் செலவுக்கும் அது போதாதுதான். பாதிப் பாரத்தையாவது இறக்கும்.

7. இப்போதே செய்ய வேண்டியவை

முதலாவது, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளிக்கூடச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் இன்னொரு பெயர் என்ற கதை நம்மிடம் நிறைய உண்டு. திருத்தத்துக்குக் காலம் எடுக்கும்.

இரண்டாவது, முகவரி. லய இலக்கம், டிவிஷன், தோட்டம், தபாற்கந்தோர் என்று எல்லாக் கடிதத்திலும் ஒரே விதமாக எழுதுங்கள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஆபீஸ் மேசையில் கிடந்து நாள் போன பிள்ளைகளை நாங்கள் அறிவோம்.

மூன்றாவது, கெசட். அரசாங்க வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது. மாகாணப் பதவிகளுக்கு மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவின் அறிவித்தலையும் பார்க்க வேண்டும். வயதெல்லை, கல்வித் தகுதி, ஓய்வூதிய நிபந்தனை, கடைசித் திகதி நான்கையும் அடிக்கோடிடுங்கள். இதில் எங்கள் பிழையையும் ஒப்புக்கொள்கிறோம். சமூகவியல் பட்டம் பெற்ற ஒரு தம்பி ஒருமுறை இப்படியான பதவி பற்றிக் கேட்டபோது, "பார்த்துச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டு மற்ற வேலைகளில் மறந்துபோனோம். கெசட்டைத் தேடி எடுத்த நாளில் கடைசித் திகதி தாண்டியிருந்தது. அடுத்த அறிவித்தல் வந்தபோது அவருக்கு வயதெல்லை கடந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அறிவித்தல்களை எங்கள் ஆபீஸ் பலகையில் ஒட்டுகிறோம்.

நான்காவது, பொலிஸ் வழக்கில் மாட்டாமல் இருப்பது. இந்த வேலைகளுக்கு நடத்தைச் சான்று பார்ப்பார்கள். திருவிழாச் சண்டையில் விளையாட்டாகக் கை வைத்தது பிறகு வழியை மறிக்கலாம்.

முடிவாக

அந்தத் தகப்பனாரிடம் இவ்வளவையும் சொன்னோம். பையனின் கதையையும் சொன்னோம். அவருக்கு அந்தப் பாட்டியைத் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நம்ம ஆளுங்களுக்காக எழுதிக் குடுக்கிற வேலைன்னு சொல்லுங்க" என்றார். பிள்ளை விண்ணப்பம் போட்டுவிட்டது. இடம் கிடைக்குமா, படிப்பு முடிய வேலை வருமா என்பதெல்லாம் இனித்தான் தெரியும்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. சிறைத் தண்டனைக்கும் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளைக்கும் என்ன வித்தியாசம்? குடும்பத்துக்கு எது நல்லது, ஏன்?
2. நம் வீட்டில் உள்ளவர்களின் சான்றிதழ்களில் பெயரும் பிறந்த திகதியும் ஒத்துப்போகின்றனவா?
3. நம் வீட்டு முகவரியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர் யார்? தெரியாவிட்டால் இந்த வாரமே எழுதிப் பழகுங்கள்.