மாகாணி தெரியும், இருமா தெரியாது

அன்புள்ள தம்பிக்கு,

பையின் சைன் மதிப்பைப் பைத்தானில் கேட்டிருக்கிறாய். சுழி வரவேண்டிய இடத்தில், புள்ளிக்குப் பின் 15 சுழிகளும் அதன்பின் 12246467991473532-உம் வந்தன என்கிறாய். “கணினியும் தப்புப் பண்ணுமா ஐயா?” நல்ல கேள்வி. ஆனால் அடுத்த வரியிலேயே நீ ஒரு பதிலும் எழுதியிருக்கிறாய்: “பை முடிவில்லாத எண் என்பதால்தானே?” அதுதான் என்னை இரண்டு நாளாக உறுத்துகிறது.

பை 3.15-ஐக்கூட எட்டாத எண். அதற்கு என்ன முடிவில்லை? தசமத்தில் எழுதப் போனால் எழுத்து முடியாது, அவ்வளவுதான். மூன்றில் ஒன்றும் தசமத்தில் முடிவதில்லை. அதற்காக ஒரு பழத்தை மூன்று பேருக்குப் பங்கிட முடியாது என்று யாரும் சொல்வதில்லையே! எண் வேறு, அதை எழுதும் முறை வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் பட்டம் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்த உதாரணம் நம் பழைய பின்ன முறையான கீழ்வாயிலக்கம். மா என்றால் 1/20. காணி என்றால் 1/80. கணினி பின்னங்களை இரண்டிரண்டாகப் பிளந்தே எழுதும். ஆகவே அரை, கால், அரைக்கால் எல்லாம் அதற்குத் துல்லியமாக வரும். மா வராது, 20-க்குள் ஒரு 5 ஒளிந்திருக்கிறது. காணியும் அப்படியே. ஆனால் மாவையும் காணியையும் கூட்டிப் பார்: 4/80-உம் 1/80-உம் சேர்ந்து 5/80, அதாவது 1/16. அந்த 5 அடிபட்டுப் போயிற்று! நம் முன்னோர் அதற்கு வைத்த பெயரே மாகாணி. மாகாணியைக் கணினி துளி பிசகாமல் எழுதும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளில் எண்சுவடியை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். நீயும் படி, வாய்ப்பாடுதானே என்று ஒதுக்கிவிடாதே.

இனி இருமா. அது 1/10, நாம் அன்றாடம் எழுதும் 0.1. கணினியில் அது முடிவதே இல்லை. எங்கோ ஓரிடத்தில் வெட்டத்தான் வேண்டும். 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒன்று வேலை செய்யாமல் போனது. அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. 1/10-ஐ 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். 100 மணி நேரம் ஓடியதில் பிசகு ஏறத்தாழ 0.34 விநாடி ஆயிற்று. வந்த ஏவுகணையைத் தவறவிட்டதில் 28 வீரர்கள் இறந்தார்கள். அங்கே பை இல்லை, வெறும் இருமாதான்.

உன் கேள்விக்கு வருகிறேன். உன் கணினியிடம் இருக்கும் பை 884279719003555/281474976710656 என்ற பின்னம். பகுதியில் இருப்பது 2-இன் 48-ஆம் அடுக்கு. இதைத் தசமத்தில் விரித்தால் சரியாக 48-ஆம் இடத்தில் முடிந்துவிடும். முதல் 15 இடங்கள் சரி. 16-ஆவதில் 2-க்குப் பதில் 1 நிற்கும். பைக்குச் சற்றே குறைந்த ஓர் எண்ணின் சைன், அந்தக் குறைவுக்கு ஏறக்குறையச் சமம். நீ பார்த்த விடை அந்தக் குறைவுதான். கணினி தப்புப் பண்ணவில்லை. தன்னிடம் இருப்பது பை இல்லை என்பதை உன்னிடம் ஒப்புக்கொண்டது. அந்த விடையை இந்தப் பின்னத்தின் 48 இடங்களோடு கையால் கூட்டிப் பார். 32 இடங்கள்வரை சரியான பை வரும்.

வேறு அடிமானம் எடுத்தால் என்ன என்று கேட்பாய். எந்த முழு எண்ணை எடுத்தாலும் முடியாது. பை விகிதமுறா எண் என்று லாம்பர்ட் 18-ஆம் நூற்றாண்டிலேயே நிறுவிவிட்டார். பையையே அடிமானமாக வைத்தால் பை 10 ஆகிவிடும். ஆனால் அப்போது நான்கு முடியாது! முடிந்தால் பை, முழு எண் கெழுக்கள் கொண்ட ஒரு பல்லுறுப்புச் சமன்பாட்டுக்குத் தீர்வாகிவிடும். அது நடவாது என்பது 1882-இல் லிண்டெமன் காட்டியது.

ஆரியபட்டர் 20000 விட்டத்துக்கு 62832 சுற்றளவு என்று சொன்னபோது ‘ஆசன்னம்’, அண்மையானது, என்ற சொல்லையும் சேர்த்தே வைத்தார். ஏன் அந்தச் சொல் என்று கேரளத்து நீலகண்ட சோமயாஜி தம் உரையில் விளக்குகிறார். விட்டத்தை மிச்சமில்லாமல் அளக்கும் கோலால் சுற்றளவை அளந்தால் மிச்சம் விழும். சுற்றளவுக்கு ஏற்ற கோலை எடுத்தால் விட்டத்தில் மிச்சம் விழும். மிச்சத்தைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது என்பது அவர் முடிவு. அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தேனோ, கணக்கில்லை.

22/7 என்பதும் 96 பக்கப் பல்கோணம் வரைந்து ஆர்க்கிமிடீஸ் கண்ட மேல் வரம்புதான். பை அதைவிடச் சிறியது என்றே அவர் நிறுவினார். ஆகவே பைக்கும் 22/7-க்கும் நடுவே இனி சமக்குறி போடாதே. தோராயக் குறி போடு.

அன்புடன்,
உன் கணக்கு ஆசிரியர்