முதல் உயிரணுவும் நமது ஈமானும்

"உயிர் எப்படித் தோன்றியது?" என்று பிள்ளைகள் கேட்டால், "அல்லாஹ் படைத்தான்" என்று பதில் சொல்கிறோம். அது சரியான பதில்தான். ஆனால் இன்று உயிரியல் படிக்கும் பிள்ளை அத்துடன் நிற்பதில்லை. "உயிருக்கு வேண்டிய பொருள்களைச் சோதனைக் கூடத்திலேயே செய்து விட்டார்களாமே? பிறகு படைத்தவன் எதற்கு?" என்று அடுத்த கேள்வியைக் கேட்கிறது.

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நம்மில் பலரிடம் பதில் இல்லை. சிலர் அதட்டி அடக்கி விடுகிறார்கள். வேறு சிலர் எங்கோ கேட்ட அரைகுறை வாதம் ஒன்றைச் சொல்லி அனுப்பி விடுகிறார்கள். இரண்டுமே ஆபத்தானவை. அதட்டப்பட்ட பிள்ளை கேட்பதை நிறுத்துமே தவிர, நினைப்பதை நிறுத்தாது. அரைகுறை வாதத்தைப் பெற்ற பிள்ளையோ, அந்த வாதம் உடைகிற நாளில் ஈமானே உடைந்து விட்டதாக எண்ணிக் கொள்ளும். ஆகவே இந்த விஷயத்தைப் பெற்றோர்கள் சற்றுப் பொறுமையாகப் படித்தறிவது அவசியம்.

பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கப்பட்டது என்பதைப் பார்க்கும்படி திருக்குர்ஆனின் அன்கபூத் அத்தியாயத்தில் (29:20) அல்லாஹ் ஏவுகிறான். எனவே, "இதையெல்லாம் ஆராயக் கூடாது" என்று சொல்ல நமக்கு இடமில்லை.

உயிரணுவின் உள்ளே

நம் உடல் ஏறக்குறைய 30 லட்சம் கோடி உயிரணுக்களால் ஆனது. அவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. அப்படிப்பட்ட ஓர் அணுவின் கருவுக்குள் டி.என்.ஏ. என்னும் நூலிழை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஓர் அணுவில் உள்ளதைப் பிரித்து நீட்டினால் சுமார் 2 மீட்டர் நீளம் இருக்கும்.

இந்த இழை நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஏடு போன்றது. மனிதனின் ஏட்டில் சுமார் 300 கோடி எழுத்துக்கள் உள்ளன. மூன்று எழுத்துக்கள் சேர்ந்தால் ஒரு சொல். மொத்தம் 64 சொற்கள். அவற்றில் 61 சொற்கள், எந்த அமினோ அமிலத்தைக் கோக்க வேண்டும் என்று சொல்கின்றன. மீதி 3 சொற்கள் "இத்துடன் நிறுத்து" என்று சொல்கின்றன. 20 வகை அமினோ அமிலங்கள் மணிகளைப் போலக் கோக்கப்பட்டுப் புரதங்கள் உண்டாகின்றன.

இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. மிகச் சில சிறு மாறுதல்களைத் தவிர்த்தால், இந்த மொழி எல்லா உயிர்களுக்கும் ஒன்றே. மனிதனுக்கும் வாழை மரத்துக்கும் குடலில் வாழும் நுண்கிருமிக்கும் ஒரே அகராதி. முன்பெல்லாம் சர்க்கரை நோயாளிகளுக்கான இன்சுலின் மருந்தை மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். பிறகு, மனிதனுடைய இன்சுலின் வாசகத்தை நுண்கிருமிக்குள் வைத்தபோது, அது தட்டுத் தடுமாறாமல் படித்து மனித இன்சுலினையே செய்து கொடுத்தது. 1982-ல் அந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று எத்தனையோ முஸ்லிம் இல்லங்களில் பயன்படுவது இவ்விதம் தயாரான மருந்தே.

எல்லா உயிர்களும் ஒரே தொடக்கத்திலிருந்து வந்தவை என்பதற்கு இதை விஞ்ஞானிகள் ஆதாரமாகக் கொள்கிறார்கள். படைத்தவன் ஒருவனே என்பதற்கு இதை நாம் அத்தாட்சியாகக் காண்கிறோம். முதலாவது, வழியைப் பற்றிய பேச்சு. இரண்டாவது, வழியை வகுத்தவனைப் பற்றிய பேச்சு. இரண்டும் மோதிக் கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

சேற்றில் பிறந்த தவளை

பண்டைக் காலத்தில் அழுகிய இறைச்சியில் புழு தானே உண்டாகிறது, சேற்றிலிருந்து தவளை தானே பிறக்கிறது என்று உலகம் முழுவதும் நம்பினார்கள். முஸ்லிம் அறிஞர்களிலும் பலர் அவ்வாறே கருதினர். 1185-ல் காலமான ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு துஃபைல், 'ஹய்யு இப்னு யக்ளான்' என்ற தமது கதையில், தாய் தந்தையின்றி ஒரு தீவின் களிமண்ணிலிருந்தே கதாநாயகன் தோன்றியதாக ஒரு வரலாற்றைக் கூறுகிறார். அந்தக் கதை எதில் போய் முடிகிறது? அவன் தனியே சிந்தித்துச் சிந்தித்து இறைவனை அறிவதில்! மண்ணிலிருந்து உயிர் தோன்றினால் இறைவன் இல்லாமல் போய்விடுவான் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்ததில்லை.

பின்னர் 1668-ல் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ ரெடி, ஈ மொய்க்காதபடி மூடிவைத்த இறைச்சியில் புழு வருவதில்லை என்று காட்டினார். 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சின் லூயி பாஸ்டர், வளைந்த கழுத்துள்ள குடுவைகளில் கொதிக்கவைத்த சாற்றில் நுண்கிருமி தானே தோன்றுவதில்லை என்று நிரூபித்தார். உயிரிலிருந்தே உயிர் வருகிறது என்பது உறுதியாயிற்று. உடனே ஒரு சாரார், "பார்த்தீர்களா, ஆகவே இறைவன் உண்டு" என்றனர்.

வாசகர்களே, இங்கே சற்று நிதானிக்க வேண்டும். உயிர் தானே தோன்றுகிறது என்று நம்பிய காலத்திலும் முஃமின்கள் இருந்தார்கள். அது பொய் என்று தெரிந்த பிறகும் முஃமின்கள் இருக்கிறார்கள். அப்படியானால் ஈமான் இந்த இரண்டில் எதன்மீதும் கட்டப்பட்டதல்ல என்பது விளங்குகிறதல்லவா?

1953-ம் ஆண்டு

1953 ஏப்ரலில் வாட்சன், கிரிக் ஆகிய இருவரும் டி.என்.ஏ.யின் முறுக்கிய ஏணி போன்ற அமைப்பை வெளியிட்டனர். அதற்கு மூன்றே வாரம் கழித்து மே மாதத்தில், சிகாகோ பல்கலைக்கழக மாணவர் ஸ்டான்லி மில்லரின் சோதனை வெளியாயிற்று. மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை ஒரு கண்ணாடிக் கருவிக்குள் சுழலவிட்டு, மின்னலைப் போல மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்தில் அமினோ அமிலங்கள் உண்டாயின.

ஆதிகால பூமியின் காற்று மில்லர் எண்ணியது போன்றதல்ல, பெரும்பாலும் கரியமில வாயுவும் நைட்ரஜனுமே என்று பிற்காலத்தில் பலர் கூறினர். ஆயினும் அமினோ அமிலங்கள் இயற்கையில் உண்டாகும் என்பதில் இன்று ஐயமில்லை. 1969-ல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லில் அவை இருந்தன. பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023-ல் கொண்டுவரப்பட்ட மண்ணில், நம் உடலில் உள்ள 20 வகைகளில் 14 வகை அமினோ அமிலங்கள் இருப்பதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள்.

ஆனால் செங்கல் வேறு, வீடு வேறு. செங்கல் சூளை இருப்பதால் வீடு தானே எழுந்து விடாது. உயிரணுவில் டி.என்.ஏ.யைப் படியெடுக்கப் புரதம் வேண்டும். அந்தப் புரதத்தைச் செய்ய டி.என்.ஏ.யின் வாசகம் வேண்டும். கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற பழைய வழக்குத்தான் இது.

இதற்கு ஒரு விடையும் தேடிக் கொண்டிருக்கிறார்கள். ஆர்.என்.ஏ. என்ற பொருள் வாசகத்தையும் தாங்கும், சில சமயம் புரதம் செய்யும் வேலையையும் செய்யும் என்று கண்டதற்காக தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் 1989-ல் நோபல் பரிசு பெற்றனர். புரதங்களைக் கோக்கும் ரைபோசோம் என்னும் தறியின் மையத்தில், கோக்கும் வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ.தான் என்பதும் பின்னர் தெரிந்தது. ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், நமது சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ஆகவே முதலில் ஆர்.என்.ஏ. வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அந்த முதல் ஆர்.என்.ஏ. எவ்வாறு உண்டாயிற்று, அது எவ்வாறு உயிரணுவாயிற்று என்பது இன்றும் தீராத ஆராய்ச்சியாகவே உள்ளது.

சோதனைக் கூடத்தில் உயிரா?

2010-ல் அமெரிக்காவின் கிரெய்க் வெண்டர் குழுவினர், ஒரு நுண்கிருமியின் சுமார் 10 லட்சத்து 80 ஆயிரம் எழுத்துள்ள டி.என்.ஏ. முழுவதையும் இரசாயன முறையில் செய்து, வேறொரு நுண்கிருமியின் உடலுக்குள் வைத்தார்கள். அது இயங்கிப் பெருகியது. "மனிதன் உயிரைப் படைத்து விட்டான்" என்ற பேச்சு எழுந்தது. உண்மையில் ஏட்டின் எழுத்து வரிசை ஏற்கெனவே உள்ள கிருமியிலிருந்து பிரதி எடுத்தது. வைத்த உடலும் உயிருள்ள கிருமியின் உடலே. 2016-ல் 473 மரபணுக்கள் மட்டுமே உள்ள மிகச் சிறிய உயிரணுவை அதே குழுவினர் அமைத்தபோது, அவற்றில் 149 மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்று அப்போது அவர்களுக்கே தெரியவில்லை.

"அப்படியானால் மனிதனால் ஒருபோதும் உயிரணுவைச் செய்யவே முடியாது என்று அடித்துச் சொல்லலாமா?" என்று கேட்டால், வேண்டாம் என்பதே நமது பதில். வாகிஆ அத்தியாயத்தில் (56:63, 64) விவசாயியை நோக்கி, நீங்கள் விதைக்கிறீர்களே, அதை முளைக்க வைப்பது நீங்களா, நாமா என்ற கருத்தில் அல்லாஹ் கேட்கிறான். விவசாயி உழுததும் விதைத்ததும் அங்கே மறுக்கப்படவில்லை. முளைக்கும் தன்மையைத் தந்தவன் யார் என்பதே கேள்வி. நாளை ஒரு விஞ்ஞானி உயிரணு ஒன்றைச் செய்தாலும் இதே கேள்வி அவருக்கும் பொருந்தும். கரிக்கும் ஹைட்ரஜனுக்கும் இணையும் குணத்தைத் தந்தவர் அவரா? அதைக் கண்டறியும் மூளையை அவருக்கு அவரே செய்து கொண்டாரா?

எண் கணக்கு வாதம்

நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் கணக்கு ஒன்றுண்டு. 100 அமினோ அமிலங்கள் உள்ள ஒரு புரதம் தற்செயலாக ஒரே வரிசையில் அமைய வேண்டுமானால், 1-க்குப் பின் 130 சுழிகள் போட்டு வரும் எண்ணில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. எனவே படைப்பாளன் உண்டு என்பார்கள்.

பெருக்கல் சரிதான். ஆனால் வாதம் பலவீனமானது. முழுப் புரதம் ஒரே வீச்சில் அமைந்தது என்று இத்துறை ஆராய்ச்சியாளர்கள் சொல்வதில்லை. மேலும் ஒரே வேலையைப் பல வரிசைகள் செய்ய முடியும். 2001-ல் கீஃப், சோஸ்டாக் என்னும் இருவர், தாறுமாறாகக் கோத்த சுமார் 6 லட்சம் கோடி புரதங்களில் தேடியபோது, ஏ.டி.பி. என்னும் பொருளைப் பிடித்துக் கொள்ளக் கூடிய நான்கு குடும்பங்கள் கிடைத்தன. அரிதுதான், ஆனால் 130 சுழிகள் அளவுக்கு அரிதல்ல.

அதுபோலவே, அமெரிக்கக் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர் பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டுகளே வயது என்று வாதிக்கிறார்கள். அவர்களுடைய நூல்களிலிருந்து கடன் வாங்குவோர் இதையும் சேர்த்துக் கொண்டு வந்து விடுகிறார்கள். பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். உயிரின் தடயங்கள் சுமார் 350 கோடி ஆண்டுப் பாறைகளில் உள்ளன. இறைவனிடத்தில் ஒரு நாள் நம் கணக்கில் ஆயிரம் ஆண்டு போன்றது (22:47) என்றும், ஐம்பதாயிரம் ஆண்டு அளவுள்ள நாள் (70:4) என்றும் ஓதுகிற நமக்கு, அந்த ஆயிரக் கணக்கைக் காப்பாற்றும் கடமை எதுவும் இல்லை.

பெருமானார் காட்டிய வழி

நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மரணமான நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. இந்த மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக் கொண்டனர். மார்க்கத்திற்கு ஆதரவாக அதை விட்டு வைத்திருக்கலாம். ஆனால் நபியவர்கள் அப்பேச்சை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தமக்குச் சாதகமான தவறைக்கூட அவர்கள் ஏற்கவில்லை!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், கணிதத்தால் நிரூபணமான கிரகணக் காரணத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்திற்கே தீங்கு செய்கிறான் என்று 'தஹாஃபுத்' நூலில் எச்சரித்தார்கள். அதே நூலில், நெருப்புப் பட்டால் பஞ்சு எரிகிறது. ஆனால் எரியும்படி ஆக்குகிறவன் அல்லாஹ்வே என்றும் விளக்கினார்கள். காரணத்தைக் காண்பது வேறு, காரணகர்த்தாவை அறிவது வேறு.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

1. உயிர் முதன்முதலில் எவ்வாறு தொடங்கியது என்பது ஒரு கேள்வி. தொடங்கிய உயிர் எவ்வாறு பலவகையாயிற்று என்பது வேறு கேள்வி. டார்வினின் 1859-ம் ஆண்டு நூல் இரண்டாவதைப் பற்றியது. ஆதம் (அலை) அவர்களின் படைப்பு தனிப் பாடம். மூன்றையும் கலக்கக் கூடாது.

2. உயிருள்ள ஒவ்வொன்றையும் நீரிலிருந்து ஆக்கியதாக அல்லாஹ் கூறுகிறான் (21:30). எந்தெந்தப் படிகளில் என்று அங்கே விவரிக்கவில்லை. அப்படிகளைத் தேடுவது தடுக்கப்பட்டதல்ல.

3. "விஞ்ஞானிகளுக்குத் தெரியாது, ஆகவே அல்லாஹ் உண்டு" என்று சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தெரியும்போது என்ன சொல்வீர்கள்? தெரிந்ததற்கும் தெரியாததற்கும் அல்லாஹ்வே இறைவன் என்று சொல்லுங்கள்.

4. "வழி தெரிந்துவிட்டது, ஆகவே வகுத்தவன் இல்லை" என்பதும் விஞ்ஞானம் அல்ல. எந்தச் சோதனைக் குழாயிலும் அப்படி ஒரு முடிவு வந்ததில்லை. அது சொல்பவரின் சொந்த அபிப்பிராயம்.

5. பதில் தெரியாவிட்டால், "தெரியவில்லை, சேர்ந்து படிப்போம்" என்று சொல்லுங்கள். அதனால் பெற்றோரின் மதிப்புக் குறையாது. உண்மை பேசும் வீடு என்ற நம்பிக்கை பிள்ளையின் மனத்தில் நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஓர் அணுவுக்குள் 2 மீட்டர் ஏட்டை மடித்து வைத்தவன், அதைப் படித்து வியக்கும் அறிவையும் நமக்கே தந்திருக்கிறான். அந்த அறிவைப் பயன்படுத்தி அவனை அறிந்து நன்றி செலுத்தும் நற்பேற்றை, நமக்கும் நம் மக்களுக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.