அஞ்சலும் அமானிதமும்

செய்தி தொலைவு செல்லச் செல்ல இரு குறைகள் அதனைத் தொடர்கின்றன. ஒன்று, அதனைச் சுமக்கும் ஆற்றல் தளர்கிறது. மற்றொன்று, அதன் உண்மை திரிகிறது. முதற்குறையை மாந்தர் கருவியால் வென்றனர். இரண்டாவதை வென்றோமா என்பதே நாம் இங்கு ஆராய விழைவது.

தளர்ச்சியை வென்ற வழியைத் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கிறது. கடிதப் போக்குவரத்தும் அஞ்சல். ஒரு வானொலி நிலையத்தின் ஒலிபரப்பை மற்றொன்று வாங்கி ஒலிபரப்புவதும் அஞ்சல். ஒருவரிடம் பெற்று அடுத்தவரிடம் சேர்ப்பித்தலே இரண்டிற்கும் பொதுவான பண்பு.

மணியோசை முதல் மின்னோட்டம் வரை

1333இல் இந்தியா வந்த பயணி இப்னு பதூதா, முஹம்மது பின் துக்ளக் ஆட்சியில் நிலவிய ஓட்ட அஞ்சலை விவரிக்கிறார். மைலுக்கு மூன்று நிலைகள் இருந்தன. ஓடுவோரின் ஒரு கையில் கடிதம். மறு கையில் செப்பு மணிகள் கட்டிய கோல். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையினர் ஆயத்தமாவார். தளர்ந்தவர் நிற்க, தளராதவர் ஓடியதால், இது குதிரை அஞ்சலினும் விரைவானது என்கிறார் அவர்.

1794இல் பிரான்சில் குளோத் ஷாப், பாரிசுக்கும் லீல் நகருக்கும் இடையே கோபுரத் தந்தியை அமைத்தார். கோபுர உச்சியில் மரக்கைகள் காட்டும் குறியை அடுத்த கோபுரத்தார் தொலைநோக்கியால் கண்டு அவ்வாறே காட்டுவர். இடைநிலைப் பணியாளர்க்கு அக்குறியின் பொருள் தெரியாது. இரவும் மூடுபனியும் இம்முறையை முடக்கின.

1844இல் சாமுவேல் மோர்சு வாசிங்டனிலிருந்து பால்டிமோருக்கு மின்தந்தி அனுப்பினார். கம்பி நீள நீள மின்னோட்டம் மெலியும். ரிலே என்னும் கருவி இக்குறையைத் தீர்த்தது. மெலிந்து வரும் மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை இயக்கும். அது புதிய மின்கலத்தின் சுற்றை மூடும். அதே குறி புது வலிமையுடன் புறப்படும். மணியோசை கேட்டு எழுந்த ஓட்டக்காரரின் பணியை இங்கே மின்காந்தம் ஏற்றது!

இந்தியாவில் ஓஷானெசியின் முயற்சியால் 1851இல் கல்கத்தா - டைமண்ட் ஹார்பர் தடம் இயங்கியது. 1855இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தந்திச் சேவை 2013 சூலையில் நிறைவுற்றது.

திரிந்த குறி

எனினும் கருவியின் நடுவே மனிதர் இருந்தனர். 1834 முதல் 1836 வரை, போர்தோ நகரின் பிளாங்க் சகோதரர்கள் தூர் நகரத் தந்திப் பணியாளர் ஒருவருக்குக் கையூட்டு அளித்தனர். அவர் அரசுச் செய்தியின் நடுவே ஒரு தவறான குறியைச் சேர்த்து, அது பிழை என்னும் குறியையும் உடன் காட்டுவார். மற்றவர்க்கு அது வெறும் பிழை. சகோதரர்களுக்கோ பாரிசுப் பங்குச்சந்தையின் போக்கைப் பிறர்க்கு முன் அறிவிக்கும் இரகசியம். கோபுரம் பழுதுபடவில்லை, அதில் நின்றவரின் நாணயமே பழுதுபட்டது.

இன்று கடலடி ஒளியிழைக் கம்பிகளிலும் இடையிடையே ஒளியை வலுப்படுத்தும் கருவிகள் உள்ளன. அஞ்சல் தத்துவம் மாறவில்லை. ஆனால், கைப்பேசியில் வந்ததை ஒரு தொடுதலில் பலருக்கு அனுப்பும் நாம் ஒவ்வொருவரும் இன்று ஓர் அஞ்சல் நிலையமே. அன்றைய இடைநிலைப் பணியாளர் பொருளறியாமல் கடத்தினார். பொருளறிந்து கடத்தும் நமக்குப் பொறுப்பு மிகுதி.

கொண்டுவரப்பட்ட செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் செயற்பட்டு, அறியாமையால் பிறர்க்குத் தீங்கிழைத்துவிடக் கூடாது என்று திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிக்கிறது. நம் கைக்கு வரும் செய்தி ஓர் அமானிதம். அதனை ஆராய்ந்து, மெய்யெனில் மாற்றாது சேர்ப்பிப்போம். ஐயமெனில் நம்மோடு நிறுத்துவோம். விரைவைக் கருவி தரும்; வாய்மையை நாமே தர வேண்டும்.