ஈர மண்ணும் ஒரு ஸ்பூனும்

செம்பூரில் ஒரு மழலையர் பள்ளி. ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வெந்தயம் விதைக்க ஒரு கம்பெனி ஊழியர்கள் வந்திருந்தார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். உற்சாகத்தில் ஒருவர் நாலு வயதுப் பையனின் கையைப் பிடித்து ஈர மண்ணில் அழுத்தினார். அலறிவிட்டான்.

பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். இக்குழந்தைகள் பலருக்குத் தொடுகையும் ஓசையும் பன்மடங்காகத் தாக்கும். 1943-இல் ஆட்டிசத்தை விவரித்த டாக்டர் லியோ கன்னரே, பெரும் சத்தங்களுக்கு அவர்கள் நடுங்குவதை எழுதியிருக்கிறார். சிக்னல் விழாமல் வண்டியை எடுக்கலாமா? (ரயில்வே புத்தி போகவில்லை!)

ஆசிரியை ஒவ்வொன்றாகப் படம் காட்டினார்: மண், விதை, தண்ணீர். ஒரு படத்துக்கு ஒரே வேலை. கைக்குப் பதில் ஸ்பூன். மற்றவர்கள் பத்துத் தொட்டி முடித்த நேரத்தில், அவன் தானாக ஒரு ஸ்பூன் மண் போட்டான்.

மூன்றாம் நாள் வெந்தயம் முளைத்திருந்தது. அவன் முளையைப் பார்க்கவில்லை. ஒற்றை விரலால் ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தான்.