கொடுமுடிக் கோகிலம்

கொங்கு நாட்டிலே, காவிரியாற்றின் கரையில் அமைந்த பழம்பதி கொடுமுடி. தேவாரப் பாடல் பெற்ற மகுடேசுவரர் திருக்கோயில் அங்கே விளங்குகின்றது. அவ்வூரில் 1908-ஆம் ஆண்டு பாலாம்பாள் என்பாருக்கு மகளாகத் தோன்றியவர் சுந்தராம்பாள். கே. பி. என்று அவர் பெயருக்கு முன் நிற்கும் எழுத்துகளுள் முன்னது ஊரைக் குறிக்கும்; பின்னது தாயைக் குறிக்கும்.

வறுமை அக்குடும்பத்தை வாட்டியது. சிறுமி சுந்தராம்பாள் புகைவண்டியில் பாடிப் பெற்ற காசு வீட்டிற்கு உதவிற்று. அக்குரலைக் கேட்டு வியந்தோர் அவரை நாடகத் துறைக்கு அழைத்துச் சென்றனர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைக்கோடியில் இருப்பவனுக்கும் பாட்டுத் தெளிவாகக் கேட்டல் வேண்டும். அவர் குரலோ வெண்கல மணி போல் ஒலித்தது. ஆயினும், நாடகத்தில் நடிக்கும் பெண்களின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்த சமுதாயம், மேடையை விட்டு இறங்கியபின் அவர்களை மதித்ததில்லை.

இலங்கையில் நாடகம் நடிக்கச் சென்றபோது, செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் அவர் இணைந்து நடித்தார். பின்னர் 1927-இல் அவரையே மணந்தார். இவ்விருவர் பாட்டையும் ஒரே மேடையில் கேட்க மக்கள் திரண்டனர். 1933-ஆம் ஆண்டு திசம்பரில் கிட்டப்பா காலமானார். அப்பொழுது அம்மையாருக்கு வயது இருபத்தைந்தே. அன்று உடுத்த வெள்ளாடையை அவர் இறுதிவரை மாற்றவில்லை. ஆடவருடன் இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

‘பக்த நந்தனார்’ படத்திற்கு அழைப்பு வந்தபோது, மறுப்பதற்கு வழியாகவே ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார் என்பர். கேட்டது கிடைத்துவிட்டது! 1935-இல் வெளிவந்த அப்படத்தில் நந்தனாராகவே அவர் நடித்தார். ஆண் வேடமாதலின் அவருடைய உறுதிக்கும் குறைவு நேரவில்லை. 1953-இல் வெளிவந்த ‘ஔவையார்’ படத்திற்குப் பிறகு, ஔவை என்றவுடன் மக்கள் நினைவில் எழுந்தது அவர் உருவமே.

நாட்டு விடுதலைப் போரிலும் அக்குரல் பங்கு கொண்டது. கதராடை உடுத்திய அம்மையார், தீரர் சத்தியமூர்த்தியுடன் காங்கிரசு மேடைகளில் தோன்றித் தேசியப் பாடல்களைப் பாடினார். சொற்பொழிவு எட்டாத சிற்றூர்களிலும் அவருடைய இசைத்தட்டுகள் ஒலித்தன. காந்தியடிகள் கொடுமுடிக்கு வந்தபோது பொன்தட்டில் உணவு படைத்தாராம், “உணவு மட்டுந்தானா? தட்டு இல்லையா?” என அடிகள் வினவ, தட்டையும் தந்தார் என்று ஊரார் சொல்வர்.

காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958-இல், அம்மையார் சென்னை மாநிலச் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். திரைப்படக் கலைஞருள் மாநிலச் சட்டமன்றத்தில் முதன்முதல் இடம்பெற்றவர் அவரே என்று குறிப்பிடுவர். நாடகப் பெண்ணுக்கு நல்ல வீட்டுத் திண்ணையில் இடந்தர மறுத்த நாட்டில், சட்டம் செய்யும் அவையில் அவருக்கு இருக்கை அமைந்தது.

1970-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1980-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அதுகாறும் அவர் பெயரை எழுதியோர், பாடச் சொல்லி அழைத்தோர், அவையில் விளித்தோர் அனைவரும் கொடுமுடியையும் உடன் சேர்த்தே குறித்தனர்.